வெந்நீர் ஏன் மெலிந்து வருகிறது?

மலேசியாவில் பல வீடுகளின் குளியலறைச் சுவரில் மின்சார வெந்நீர்க் கருவி பொருத்தப்பட்டிருக்கும். அதிகாலையில் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கும் மூட்டுவலியால் அவதிப்படும் முதியோருக்கும் அது பேருதவியாக இருக்கிறது. நேற்று வரை நன்றாக இயங்கிய கருவியிலிருந்து வெந்நீர் நூல்போல் ஒழுகத் தொடங்கினால், கருவி கெட்டுவிட்டது எனப் பலர் உடனே முடிவு கட்டிவிடுகின்றனர். பதறாத காரியம் சிதறாது. காரணத்தைப் படிப்படியாக ஆராய்ந்தால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

முதலில், அதே குளியலறையிலுள்ள குளிர்நீர்க் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். அதிலும் நீர் மெலிந்து வந்தால், குறை பெரும்பாலும் கருவியில் இல்லை. நீர் வரும் வழியில் இருக்கிறது. தரை வீடுகளில் கூரைக்கு அடியிலுள்ள தொட்டியிலிருந்து நீர் தன் எடையால் கீழே இறங்குகிறது. தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 0.1 பார் அழுத்தமே கிடைக்கும். அதனால்தான் கீழ்த்தளத்தில் வேகமாக வரும் நீர் மேல்மாடியில் மெதுவாக வருகிறது. இத்தகைய இடங்களுக்கு நீரிறைப்பி பொருத்தப்பட்ட கருவி ஏற்றது.

குளிர்நீர் வேகமாக வந்து, வெந்நீர் மட்டும் மெலிந்து வந்தால், அடுத்துப் பூவாளியைக் கவனிக்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறந்தால் நீர் நன்றாகப் பாய்கிறதா? அப்படியானால் பூவாளியின் துளைகள்தாம் அடைபட்டுள்ளன. அதை வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் அழுக்கு நீங்கும்.

அதன் பிறகும் மாற்றம் இல்லையென்றால், வளைகுழாய் மடிந்திருக்கிறதா, கருவிக்கு நீரைச் செலுத்தும் வால்வு பாதி மூடியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். பல கருவிகளில் நீர் நுழையும் இடத்தில் சிறு வடிகட்டி ஒன்றும் இருக்கும். நீர் விநியோகம் தடைபட்டு மீண்டும் தொடங்கும்போது குழாய்களில் படிந்திருந்த துருவும் மணலும் கலங்கி வந்து, இந்த வடிகட்டியை அடைத்துவிடலாம். மின்விசையை அடைத்து, வால்வை மூடிய பின்னரே பெரியவர் ஒருவர் அதைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

நீர் மெலிந்து வரும்போது சில வேளைகளில் சூடே இல்லாமல் போவதும் உண்டு. நீரோட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைந்தால், கருவி தானாகவே சூடேற்றுவதை நிறுத்திக்கொள்ளும். இது பழுதன்று; பாதுகாப்பு ஏற்பாடு. சூட்டின் அளவைக் கூட்டுவதால் இந்தச் சிக்கல் தீராது. நீரோட்டம் திடீரெனச் சீரானால் மிகச் சூடான நீர் உடலில் பட்டுவிடவும் கூடும். 60 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர் சில விநாடிகளிலேயே தோலைப் புண்ணாக்கிவிடும்.

கருவியின் மூடியை மட்டும் நாமே திறக்கக் கூடாது. குளிக்கும்போது உடலில் மின்சாரம் பாய்வதுபோல் சிறிதளவு உணர்ந்தாலும் உடனே வெளியேறி, ஈரமில்லாத இடத்திலுள்ள முதன்மை மின்விசையை அடைத்துவிட வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதித்துச் சரிசெய்யும்வரை அக்கருவியைப் பயன்படுத்தக் கூடாது. பூவாளியை நாமே கழுவிக்கொள்ளலாம். மின்சாரம் சார்ந்த வேலையை அதற்குரியவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.