ஆற்றங்கரைக் கோரை: புறம்போக்கில் விளையும் செல்வம்

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைப் பாய் 2012-13ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பாய்க்குக் கிடைத்த இப்பாதுகாப்பு, அதன் மூலப்பொருளான கோரை வளரும் ஆற்றங்கரைக்கும் தேவைப்படுகிறது.

கோரையைப் புல் என வழங்கினும் தாவரவியலார் அதனைச் சைப்பரேசி என்னும் தனிக் குடும்பத்தில் சேர்ப்பர். புல்லின் தண்டில் கணுக்கள் உண்டு. பெரும்பாலும் உட்புறம் கூடாக இருக்கும். கோரைத் தண்டு கணுவின்றி, உள்ளே சோற்றுப்பகுதி நிறைந்து, பொதுவாக மூன்று பட்டைகளுடன் காணப்படும். பாய்க்கோரையில் இலைகள் அடியில் உறைகளாகக் குறுகிவிடுகின்றன. நெடிய பசுந்தண்டே உணவு தயாரிக்கிறது. கணுவற்ற இத்தண்டை நீளவாக்கில் மெல்லிய இழைகளாகக் கீறமுடிவதே பாய்த்தொழிலின் அடிப்படையாகும்.

இது பல்லாண்டுத் தாவரம். ஈர வண்டலில் படரும் மட்டத்தண்டு நிலத்தடியில் உயிருடன் இருக்கும்வரை, அறுத்த இடத்தில் மீண்டும் துளிர்க்கும். எனவே அறுவடையால் கோரை அழிவதில்லை. கரூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் காவிரிப் பகுதியில் உழவர்கள் கிழங்கை நட்டு, பல ஆண்டுகள் தொடர்ந்து அறுக்கின்றனர். இயற்கையான ஆற்றங்கரையிலோ நடவுச் செலவும் இல்லை. அத்துடன் வேர்கள் கரைமண்ணையும் பிடித்து நிறுத்துகின்றன.

ஆனால் மணல் அள்ளும்போது மட்டத்தண்டும் மண்ணுடன் போய்விடுகிறது. கரை ஆக்கிரமிக்கப்பட்டால் ஈர நிலமே இல்லாமற் போகிறது. அதன்பின் பாய் முடைவோர் தொலைவிலிருந்து கோரையை விலைக்கு வாங்க நேரிடும். வண்டிக் கூலியும் இடைத்தரகும் பெருகும் அளவுக்கு, முடையும் பெண்களின் வருவாய் சுருங்கும்.

ஈர நிலத்தைத் தரிசாகக் கருதுவதன் விளைவுக்கு மும்பை ஒரு பாடமாகும். நெல்லைச் சீமைக் குடும்பங்கள் பல குடியேறிய தாராவி, மித்தி ஆற்றின் கழிமுகச் சதுப்பை அடுத்து எழுந்தது. சதுப்புகள் தூர்க்கப்பட்டு, ஆறும் குறுகிய நகரில், 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. நீர் தங்கவும் வடியவும் இடமின்றி நகரமே மூழ்கியது. சதுப்பு ஆற்றிவந்த பணி எந்தக் கணக்கிலும் வரவாக எழுதப்பட்டதில்லை. அதன் இழப்பு மட்டுமே செலவாகத் தெரிந்தது.

ஆற்றுப் புறம்போக்கிலுள்ள கோரைத் திட்டுகளைக் கிராமக் கணக்கில் பதிவு செய்தல், அங்கு மணல் எடுப்பதைத் தடுத்தல், அறுக்கும் உரிமையைப் பாய் முடையும் பெண்களின் குழுக்களுக்கு வழங்குதல் ஆகிய மூன்றும் பெருஞ்செலவின்றி நிறைவேறக்கூடியவை. கைத்தொழிலுக்கான கடனுதவியும் விற்பனை உதவியும் பயன் தர வேண்டுமாயின், முதலில் கரையில் கோரை இருக்க வேண்டும்.