மருவைக் கண்டு மருள வேண்டாம்

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

முகத்தில் ஒரு சிறு பரு தோன்றினாலே மனம் கலங்கும் வயது எங்கள் வயது. அப்படியிருக்க, விரலில் அரிசி மணி அளவில் சொரசொரப்பாக ஒன்று முளைத்து, அது இரண்டாகி, நான்காகிப் பெருகினால் எப்படி இருக்கும்? அதுதான் மரு. பாலுண்ணி என்றும் சிலர் சொல்வர். இதைப் பற்றி எழுத எங்களைத் தூண்டியது எங்கள் வகுப்பில் நடந்த ஒரு நிகழ்ச்சியாகும்.

சென்ற ஆண்டு விழாவிற்காகக் கைகோத்து ஆடும் நடனம் ஒன்றைப் பயின்றோம். எங்கள் தோழி ஒருத்தியின் இடக்கையில் மூன்று மருக்கள் இருந்தன. அந்தக் கையைப் பிடிக்க எவரும் முன்வரவில்லை. "ஒட்டிக்கொள்ளும்" என்றோம். சிலர் சிரிக்கவும் செய்தோம். அவள் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவே பென்சில் சீவும் பிளேடால் மருவை அறுத்துவிட்டாள். இரத்தம் கொட்டியது, மூன்றாம் நாள் சீழ் பிடித்துக் கை வீங்கியது. சிஸ்டர் அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். புண் ஆறிய சில மாதங்களில், பிளேடு பட்ட கோட்டின் வழியே வரிசையாகப் புதிய மருக்கள் முளைத்தன. எங்கள் அறியாமையே அவளைப் புண்படுத்தியது என்பதை உணர்ந்து, மருவைப் பற்றிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

மரு எதனால் வருகிறது?

மரு பாவத்தினாலோ, சாபத்தினாலோ, தோஷத்தினாலோ வருவதன்று. 1907-ஆம் ஆண்டில் ஜூசெப்பே சியுஃபோ என்ற இத்தாலிய மருத்துவர், மருவை அரைத்து, பாக்டீரியாவும் புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றைத் தோலில் செலுத்திப் பார்த்தார். அங்கும் மரு முளைத்தது. ஆகவே பாக்டீரியாவைவிடச் சிறிய கிருமியே இதற்குக் காரணம் என்பது விளங்கியது. அக்கிருமிக்கு இன்று ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்று பெயர். இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன.

தோலில் உள்ள சிறு கீறல் அல்லது வெடிப்பு வழியாக இது உள்ளே நுழைந்து, மேல்தோலின் செல்களை அளவுக்கு மீறிப் பெருகச் செய்கிறது. தோல் தடித்து மருவாகிறது. கிருமி புகுந்த பின் மரு கண்ணுக்குத் தெரிய இரண்டு முதல் ஆறு மாதங்கள் ஆகலாம். ஆகையால் "யாரிடமிருந்து வந்தது?" என்று ஒருவரைச் சுட்டிக்காட்டுவது வீண். மருவின் நடுவே தெரியும் கரும்புள்ளிகளை வேர் என்று பலர் எண்ணுகின்றனர். அவை வேர் அல்ல. இரத்தம் உறைந்துபோன நுண்ணிய இரத்தக் குழாய்களே.

மருவும் கால் ஆணியும்

உள்ளங்காலில் வரும் மருவைக் கால் ஆணி என்று நினைப்பவர் பலர். கால் ஆணி, செருப்பு அழுத்துவதால் தோல் காய்த்துப்போவது; அது தொற்றாது. ஆணியின் மீது தோலின் ரேகைகள் தொடர்ந்து செல்லும். மருவின் மீது அவை அறுந்து விலகிச் செல்லும். பொதுவாக ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும். மருவையோ இருபுறமும் சேர்த்துக் கிள்ளினால் வலிக்கும்.

வருமுன் காப்போம்

மரு தொற்றக்கூடியதே. ஆனால் நல்ல தோலில் எளிதில் பற்றாது. ஒரு தோழியின் கையைப் பிடித்ததனால் மட்டும் மரு வந்துவிடும் என்று அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. நாம் கவனிக்க வேண்டியவை:

1. துண்டு, நகவெட்டி, செருப்பு, பாதம் தேய்க்கும் கல் ஆகியவற்றை ஒருவர் பயன்படுத்தியதை மற்றவர் பயன்படுத்தலாகாது.
2. பலர் குளிக்கும் இடத்தில் வெறுங்காலுடன் நடத்தலாகாது.
3. நகம் கடிக்கும் பழக்கத்தை விட வேண்டும். நகத்தைச் சுற்றி மரு பரவுவதற்கு இதுவே பெருங்காரணம்.
4. மருவைக் கிள்ளுதல், சொறிதல், அறுத்தல் கூடாது.
5. கீறல், வெடிப்புகளைச் சுத்தம் செய்து மூடி வைக்க வேண்டும்.

வைத்திய முறைகள்

குதிரை முடியால் கட்டுவது, சுண்ணாம்பு வைப்பது, அம்மான் பச்சரிசியின் பாலைத் தடவுவது எனப் பல முறைகள் நம் ஊர்களில் உண்டு. கோவில்களில் உப்பும் மிளகும் போடுவோரும் உண்டு. இவற்றால் மரு உதிர்ந்தது என்று பாட்டிமார் உறுதியாகச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு வரும் மருக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, எதுவும் செய்யாமலே இரண்டு ஆண்டுகளுக்குள் மறைந்துவிடுகின்றன! உடலின் எதிர்ப்புச் சக்தி கிருமியை அடையாளம் கண்டு விரட்டிவிடுகிறது. புகழ் மட்டும் குதிரை முடிக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் சுண்ணாம்பு தோலை வேகச் செய்யும். முடி கட்டிய இடம் சீழ் பிடிக்கலாம்.

காத்திருக்க இயலாதவர்களுக்கு மருத்துவம் உண்டு. சாலிசிலிக் அமில மருந்தை, மருவை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்த பின் நாள்தோறும் தடவி வந்தால், தடித்த தோல் சிறிது சிறிதாக உரியும். இதற்குப் பன்னிரண்டு வாரங்கள்கூட ஆகலாம், பொறுமை தேவை. முகத்தில் இதனைத் தடவலாகாது. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடவே கூடாது. தோல் மருத்துவர்கள் மைனஸ் 196 டிகிரி குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனால் மருவை உறையவைத்தும், மின்சாரத்தால் சுட்டும் நீக்குகின்றனர். இரத்தம் கசிந்தாலும், நிறம் மாறினாலும், விரைவாகப் பெருகினாலும், முகத்தில் வந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இதே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த 16, 18 என்னும் வகைகள் பெண்களுக்கு வரும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முக்கிய காரணமாகும். இவ்வைரஸுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் ஸூர் ஹவுஸன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். கையில் மருவை உண்டாக்கும் வகைகள் வேறு. ஆகவே மருவைக் கண்டு புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம். ஆயினும் அந்நோயைத் தடுக்கும் ஊசியை 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளைகளுக்குப் போடுவது சிறந்தது என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தாய்மார்கள் மருத்துவரிடம் கலந்து பேசுவார்களாக.

முடிவுரை

எங்கள் தோழி இன்று நலமாக இருக்கிறாள். மருந்தினால் சில மருக்கள் உதிர்ந்தன. சில தாமாகவே மறைந்தன. ஒன்று இன்னும் இருக்கிறது. பிளேடின் தழும்பும் இருக்கிறது. மரு ஒருநாள் மறைந்துவிடும், தழும்பு மறையாது. இந்த ஆண்டு நடனத்தில் அவளுடைய இடக்கையைப் பிடிக்க எங்களுள் போட்டியே நடந்தது. நோயை விலக்குவோம், நோயுற்றவரை விலக்காதிருப்போமாக!