கம்பளிக்குள் ஒரு மின்னல்

மாணவர்களே, தில்லியின் சனவரி இரவுகளில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது படபடவென்னும் ஒலியைக் கேட்டிருப்பீர்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கழற்றினால் சிறு பொறிகளையும் காணலாம். நாகப்பட்டினக் கடற்கரையில் வளர்ந்த எனக்கு இது புதிது. பணிமாற்றம் பெற்று இங்கு வந்த முதற் குளிர்காலத்தில் கதவின் இரும்புப் பிடியைத் தொட்டேன், விரலில் சுரீரென்றது. வீட்டில் மின்கசிவு என்று அஞ்சி மின்பணியாளரை அழைத்துவிட்டேன்! அவர் சிரித்தவாறே என் கம்பளியைச் சுட்டிக் காட்டினார்.

பொருள்கள் யாவும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவில் இருப்பது அணுக்கரு. அதிலுள்ள புரோட்டான்கள் நேர்மின்னூட்டம் உடையவை. நியூட்ரான்களுக்கு மின்னூட்டம் இல்லை. கருவுக்கு வெளியே எதிர்மின்னூட்டமுடைய எலக்ட்ரான்கள் உள்ளன. கார்பன் அணுவில் 6 புரோட்டான்கள், 6 எலக்ட்ரான்கள். இரண்டும் சமமாதலால் அணு நடுநிலையில் இருக்கிறது.

புரோட்டான்கள் கருவுக்குள் இறுகப் பிணைந்தவை. உராய்வினால் அவை அசையா. வெளிப்புற எலக்ட்ரான்களோ எளிதில் இடம்பெயரும். கம்பளியும் உள்ளே அணிந்த பாலியெஸ்டர் சட்டையும் உராயும்போது, கம்பளியிலிருந்து எலக்ட்ரான்கள் சட்டைக்குச் செல்கின்றன. கம்பளி நேர்மின்னூட்டமும் சட்டை எதிர்மின்னூட்டமும் பெறுகின்றன.

"ஐயா, இழந்தது கம்பளி. அதற்கு எப்படிக் கூட்டல்குறி வரும்?" என்று வகுப்பில் ஒரு மாணவி வினவினாள். நல்ல வினா. கணக்கிட்டுப் பாருங்கள். கார்பன் அணு ஓர் எலக்ட்ரானை இழந்தால் எஞ்சுவன 6 புரோட்டான்கள், 5 எலக்ட்ரான்கள். ஒரு நேர்மின்னூட்டம் மிகுந்து நிற்கிறது அல்லவா? இக்குழப்பத்திற்கு வரலாறும் ஒரு காரணம். நேர், எதிர் என்னும் பெயர்களை 18ஆம் நூற்றாண்டிலேயே பெஞ்சமின் பிராங்கிளின் வழங்கிவிட்டார். ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்ததோ 1897இல். இடம்பெயரும் துகளுக்குக் கழித்தல்குறி அமைந்தது இவ்வாறே.

ஈரக்காற்றில் பொருள்களின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் படியும். மின்னூட்டம் அதன் வழியே சிறிது சிறிதாகக் கசிந்துவிடும். தில்லியின் வறண்ட குளிர்காலத்தில் அவ்வழி இல்லை. தேங்கிய மின்னூட்டம் ஒரே பாய்ச்சலாகக் காற்றைக் கடக்கிறது. அதுவே நாம் காணும் பொறி.

பயிற்சி

1. சோடியம் அணுவில் 11 புரோட்டான்கள் உள்ளன. அது ஓர் எலக்ட்ரானைக் குளோரினுக்கு அளித்தால், எஞ்சும் சோடியத்தின் மின்னூட்டம் யாது? (இவ்விரண்டும் சேர்ந்ததே நாம் உண்ணும் உப்பு.)

2. கம்பளியில் பொறி பறப்பதைக் கடலோர ஊரில் வாழும் பாட்டி நம்ப மறுக்கிறார். காரணத்தை விளக்கி அவருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுக.