விண்ணப்பத்தில் இல்லாத நிறுத்தம்

தேசிய பசுமைப்படை, சாரணர் இயக்கம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் என எந்த அமைப்பின் மாணவர்களை வெளியே அழைத்துச் சென்றாலும், தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலரின் முன் அனுமதியைப் பெறுகிறோம். அந்தக் கடிதம் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும்: போகும் இடம், நாள், மாணவர் எண்ணிக்கை, உடன் செல்லும் ஆசிரியர்கள். வழியில் வண்டி எங்கெல்லாம் நிற்கும் என்பது மட்டும் அதில் இருக்காது.

2023 பிப்ரவரியில் கால்பந்துப் போட்டிக்குச் சென்ற புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி மாணவியர் நால்வர், கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் மூழ்கி இறந்தனர். அவர்கள் புறப்பட்டது விளையாடுவதற்காக. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது பள்ளிப் பயணம் அன்று. அனுமதி பெற்ற பாதை ஒன்று, நடந்த பாதை வேறு என்று பின்னர் செய்திகள் வந்தன.

எனவே விண்ணப்பத்தை எழுதும்போதே பயணத்தை மணிக்கணக்கில் எழுதிவிடுவது நல்லது. வேடந்தாங்கலை எடுத்துக்கொள்வோம். நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் நிறைந்திருக்கும் காலம். மாலையில் அவை கூட்டங்கூட்டமாகக் கூடு திரும்பும் காட்சி அழகுதான். ஆனால் அதற்காகக் காத்திருந்தால் திரும்பும் பயணம் இருட்டில் அமையும். விடியற்காலையில் போய்ச் சேர்ந்து, மதிய உணவுக்குப் பின் கிளம்பிவிடுவதே பள்ளிக் குழுவுக்குப் பொருந்தும்.

ஓர் ஆசிரியர் முன்கூட்டியே அதே வழியில் ஒருமுறை போய்வர வேண்டும். இதற்கு மாற்று இல்லை. மாணவியருக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது, பூட்டாமல் இருக்கிறதா? குடிநீர்? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எது? ஏரிக்கரையில் பிள்ளைகள் எட்டிப் பார்க்கக்கூடிய இடங்கள் எவை? கைபேசியில் தேடினால் இதெல்லாம் கிடைக்காது. வனத்துறையின் பொறுப்பிலுள்ள இடமென்றால் நாளையும் எண்ணிக்கையையும் வனச்சரக அலுவலகத்தில் நேரில் சொல்லிவிட்டு வரலாம். வண்டியின் அனுமதிச் சீட்டு, தகுதிச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்களை முன்பணம் கொடுக்கும் முன்பே வாங்கிவிட வேண்டும். கொடுத்த பிறகு கேட்டால் வராது.

பெற்றோர் ஒப்புதல் படிவத்தைப் பற்றி ஒன்று. ‘எந்த அசம்பாவிதம் நேர்ந்தாலும் பள்ளி பொறுப்பல்ல’ என்ற வரி இன்னும் பல படிவங்களில் இருக்கிறது. அது பிள்ளையைக் காக்காது. நம் கடமையையும் குறைக்காது. அந்த இடத்தில் வலிப்பு, ஆஸ்துமா, ஒவ்வாமை, தினமும் உட்கொள்ளும் மாத்திரை பற்றிக் கேட்கலாம். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாசித்துக் காட்டிய பின்பே கைநாட்டு வாங்க வேண்டும். பயணத் திட்டத்தின் ஒரு படியை அவர்களிடமும் கொடுக்கலாம்.

திரும்பும் வழியில்தான் சோதனை வரும். “சார், இன்னும் நேரம் இருக்கு, மகாபலிபுரம் போய் கடல்ல கால் நனைச்சிட்டுப் போலாம் சார்!” என்று பின் இருக்கையிலிருந்து குரல் எழும். ஓட்டுநரும் சரி என்பார். உடன் வந்த இளம் ஆசிரியருக்கும் ஆசை இருக்கும். அப்போது ‘வேண்டாம்’ என்று சொல்பவர் ஒருவர்தான் பொல்லாதவராகத் தெரிவார். நேரமும் நிறுத்தங்களும் எழுதிக் கையெழுத்தான தாள் கையில் இருந்தால், அவர் தனியாக நின்று வாதாட வேண்டியதில்லை. “அனுமதியில இல்லப்பா” என்றால் போதும். கடலுக்குப் போவது உண்மையிலேயே விருப்பமென்றால் அடுத்த பயணத்துக்கு அதையே கேட்டு விண்ணப்பிக்கலாம்; யார் கரையில் நிற்பார்கள், எவ்வளவு தூரம் வரை போகலாம் என்பதையும் சேர்த்து.

டயர் பஞ்சராகித் தவிர்க்க முடியாமல் நிற்க நேர்ந்தால், இடத்தையும் நேரத்தையும் தலைமையாசிரியருக்கு உடனே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். வண்டி மீண்டும் நகரும் முன் பெயர் சொல்லி எண்ணுங்கள். தலையை மட்டும் எண்ணினால், இறங்கியவர் யார் என்று தெரியாது.