பேன் இருந்தால் விடுப்பு தேவையில்லை

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பகுதியில் "பேன் தலை" என்ற கேலிக்கு அஞ்சியே சில மாணவியர் விடுப்பு எடுப்பதைக் காண்கிறேன். பேன் பறக்காது, தாவாது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து பரவும். அது சுத்தக்குறைவின் அடையாளமன்று.

கண்டறிதல்: மாணவியைத் தனியே அழைத்து, காதின் பின்புறமும் பிடரியிலும் பாருங்கள். தட்டினால் உதிர்வது பொடுகு. முடியில் ஒட்டி நிற்பது ஈர்.

சிகிச்சை: ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஆலோசனைப்படி 1% பெர்மெத்ரின் மருந்தைத் தடவி, 10 நிமிடம் கழித்து அலசவேண்டும். ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆவதால், 9ஆம் நாள் மீண்டும் தடவவேண்டும். இடையில் ஈரத்தலையைப் பேன் சீப்பால் வாரவேண்டும். வீட்டில் பேன் உள்ள அனைவருக்கும் ஒரே நாளில் செய்யாவிட்டால் மறுபடி தொற்றும். மண்ணெண்ணெய் கூடவே கூடாது. தீப்பற்றும், தோல் புண்ணாகும்.

பெற்றோரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். மாணவி வகுப்பிலேயே இருக்கட்டும்.