பாடம் சொல்லித் தரத் தெரியாத அம்மா செய்யக்கூடியவை

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பிழைப்பு. மகளும் மகனும் முதல் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில்தான் படித்தார்கள். மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனதுமே அவளுடைய கணக்குப் பாடம் எனக்குப் பிடிபடாமல் போனது. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வரும் பெண்கள் பலரும் இந்த இடத்தில்தான் கையை விரிப்பார்கள். "நமக்கென்னக்கா தெரியும்? டியூஷன்ல போட்டாச்சு" என்பார்கள். டியூஷன் பாடத்தைப் பார்த்துக்கொள்ளும். பாடத்தைச் சுற்றியுள்ள வேலைகளைப் பெற்றோர்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நான் செய்து பலன் கண்டவற்றைச் சொல்கிறேன்.

மார்க்கை விடுங்கள், பேப்பரைப் பாருங்கள்

தேர்வு முடிந்து திருத்திய விடைத்தாள் வந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, மார்க் போன இடங்களை மூன்றாகப் பிரிக்கச் சொல்வேன்: தெரியாமல் விட்டது, தெரிந்தும் தப்பாக எழுதியது, நேரம் போதாமல் விட்டது. பிரிப்பது பிள்ளையின் வேலை, கேட்பது மட்டும்தான் என் வேலை. மகளுக்கு இரண்டாவது வகைதான் அதிகம். கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, கூட்டல் கழித்தல் குறியை மாற்றி எழுதியிருப்பாள். மகனுக்கு மூன்றாவது வகை. இரண்டு மார்க் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டு ஐந்து மார்க் கேள்வியை விட்டுவிடுவான். இரண்டு பேரும் ஒரே மார்க் வாங்கினாலும் மருந்து ஒன்றல்ல. அவளை எழுதி முடித்ததும் ஒருமுறை சரிபார்க்கப் பழக்கினோம். அவனைக் கடிகாரம் வைத்து எழுதப் பழக்கினோம். மொத்த மார்க்கை மட்டும் பார்த்துத் திட்டுவது, அளவு எடுக்காமல் துணியில் கத்தரி வைப்பது மாதிரி.

அவர்கள் சொல்ல, நாம் கேட்பது

சின்ன வகுப்பில் பஸ் போர்டு, மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை என்று கண்ணில் படுவதையெல்லாம் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். பெரிய வகுப்பில், "இன்னைக்கு நடந்த பாடத்தை எனக்குச் சொல்லுடி, நான் காஜா எடுத்துக்கிட்டே கேக்கிறேன்" என்பேன். எனக்குப் புரியாத இடத்தில் "அது ஏன்?" என்று கேட்பேன். பதில் சொல்லத் திணறினால் அவளுக்கே அது பிடிபடவில்லை என்று தெரிந்துவிடும். மறுநாள் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு வருவாள்.

சிக்கல் இல்லாதபோதே பள்ளிக்குப் போங்கள்

புகார் வந்த பிறகு போனால் பேச்சு முழுக்கப் புகாராகத்தான் இருக்கும். பருவத் தொடக்கத்திலேயே போய் வருவேன். "எப்படிப் படிக்கிறான் சார்?" என்று கேட்டால் "பரவாயில்லம்மா" என்ற பதிலோடு முடிந்துவிடும். "எந்தப் பாடத்துல எந்த இடத்துல தடுமாறுறான்? வீட்டுல நான் என்ன கவனிக்கணும்?" என்று கேட்டால் ஆசிரியர் யோசித்துச் சொல்வார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தையும் தவறவிடாதீர்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். எங்கள் பள்ளியில் கழிப்பறைத் தண்ணீர் பிரச்சினையைப் பேசி முடித்தது அந்தக் கூட்டத்தில்தான். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளின் வருகைக்கும் கழிப்பறைத் தண்ணீருக்கும் உள்ள தொடர்பு அம்மாக்களுக்குத் தெரியும்.

எட்டாம் வகுப்பிலேயே ஒரு தேர்வு இருக்கிறது

தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வை என்.எம்.எம்.எஸ். என்பார்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000 வரும். மனத்திறன் தாளில் 90 கேள்வி, 90 நிமிடம். பாடத் தாளுக்கும் அதே கணக்குதான். வேகம்தான் முக்கியம் என்பதால் பழைய வினாத்தாளைக் கொடுத்துவிட்டு நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். தேர்வானதோடு வேலை முடியாது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதங்களுக்கு ஒரு ஃபைல்

பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று, பழைய மார்க் ஷீட் எல்லாம் பிள்ளைக்கு ஒரு ஃபைலாக இருக்கட்டும். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்வார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாவற்றையும் ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். மார்க் ஷீட்டில் அச்சான பிறகு திருத்துவது பெரும் அலைச்சல். ஆதாரில் கைரேகையை 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், கல்லூரிச் சேர்க்கைக்கு முன்பே முதல் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் போனால் கூட்டம் நிற்கும்.

பிளஸ் ஒன்னில் எந்த குரூப்?

சொந்தக்காரர் எல்லாரும் யோசனை சொல்லும் நேரம் இது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில், தெருவில் மூத்த பிள்ளைகளிடம் பிளஸ் ஒன் இயற்பியல், உயிரியல், கணக்குப்பதிவியல் புத்தகங்களை வாங்கி வந்து மகளிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் முதல் பாடத்தைப் படித்துப் பார்த்துவிட்டு அவளே முடிவு செய்தாள். எந்தக் கதவு எங்கே அடைபடும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உயிரியல் இல்லாமல் மருத்துவப் படிப்புக்கான நீட் பக்கம் போவது கடினம். பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக் மூன்று ஆண்டு படித்தால், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

இன்னொன்று. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. கல்லூரிக்குப் போனபின் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் இருக்கின்றன. "பிளஸ் ஒன்னுக்கு மட்டும் பிரைவேட்ல போடு" என்று யாராவது சொன்னால், இவை கைவிட்டுப் போகுமா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தேர்வு நாளும் முடிவு நாளும்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் முதல் பத்து நிமிடம் வினாத்தாளைப் படிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விவரங்களை நிரப்ப. அதன் பிறகுதான் எழுத மூன்று மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்தில் எந்தக் கேள்வியை முதலில் எழுதுவது என்று குறித்துக்கொள்ள வீட்டிலேயே பழக்கினோம். எழுதி வந்த பேப்பரைப் பற்றி அடுத்த தேர்வு முடியும்வரை எங்கள் வீட்டில் பேச்சில்லை. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் சிரமம் உள்ள பிள்ளைக்குக் கூடுதல் நேரம், எழுதுபவர் உதவி போன்ற சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றோடு பள்ளி மூலம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

முடிவு நாளில் மார்க் கேட்டு வரும் போன்களை நான்தான் எடுப்பேன். "அவளே அப்புறம் சொல்லுவா" என்பதோடு சரி. ஒரு பாடத்தில் போய்விட்டாலும் ஆண்டு வீணாகாது. சில வாரங்களில் துணைத்தேர்வு வரும், எழுதித் தேறினால் அதே ஆண்டே மேற்படிப்பில் சேரலாம். பிள்ளை மனம் உடைந்து பேச மறுத்தால், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் மருத்துவ உதவிக்கான 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். முடிவு வருவதற்கு முன்பே இந்த எண்களைக் குறித்து வையுங்கள். அன்று வீட்டில் பதற்றம் இருந்தாலும் அடுத்த வேலை என்ன என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.