மடக்குக் கத்தி: தேர்வும் பராமரிப்பும்

நூலை நறுக்கும் நெசவாளருக்கும் ஒட்டுக் கட்டும் தோட்டக்காரருக்கும் மடக்குக் கத்தி அன்றாடக் கருவியாகும். மலிவு கருதி ஆண்டுக்கொன்று வாங்குதல் சிக்கனமன்று.

வாங்குங்கால் மூன்றினைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, அலகின் எஃகு. கரி எஃகு எளிதில் கூர்மை பெறும். ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். 1913-இல் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருவேறா எஃகு, குரோமியம் கலந்திருப்பதால் துருவை எதிர்த்து நிற்கும். ஆயினும் உப்பும் புளிப்பும் அதனையும் கறைப்படுத்தும். இரண்டாவது, விரித்த அலகு பக்கவாட்டில் ஆடலாகாது. மூன்றாவது, அலகைப் பூட்டும் அமைப்பு. தணிக்கைக்குச் சென்ற ஓர் ஊரில், பூட்டில்லாக் கத்தியின் முனையை அழுத்திக் குத்திய நெசவாளர் ஒருவர், அது மடங்கி விரல் வெட்டுண்டு, பத்து நாள் தறியில் அமர இயலாதிருந்ததைக் கண்டேன். இழந்த கூலியில் நல்ல கத்தியே வாங்கியிருக்கலாம்.

வேலை முடிந்ததும் மரப்பாலையும் ஈரத்தையும் துடைத்த பின்னரே மடக்குக. கீலில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் இடுக; சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும். இருபுறச் சாய்வுள்ள அலகைச் சாணைக்கல்லில் ஏறத்தாழ 20 பாகைச் சாய்வில் இருபுறமும் சமமாகத் தீட்டுக. சாணைச் சக்கரத்தில் சூடேறி அலகு நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் கெட்டுவிடும்.

மழுங்கிய கத்திக்கு மிகுந்த அழுத்தம் வேண்டும். அது வழுக்கினால் கையையே வெட்டும். ஆதலின் கூர்மையைக் காத்தல் கையைக் காத்தலுமாகும்.